வெள்ளையடிப்போம், வாருங்கள்!

போகிப் பண்டிகைக்கு வெள்ளையடித்த இரண்டு வீடுகளை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டாரும் ஒரே கடையில்தான் சுண்ணாம்பு வாங்கினார்கள். ஆனால், முதல் வீட்டுச் சுவரில் சாய்ந்தால் சட்டையின் முதுகெல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. அடுத்த வீட்டுச் சுவரையோ கையால் அழுத்தித் தேய்த்தாலும் எளிதில் உதிர்வதில்லை. ஏன் இந்த வேறுபாடு?

“அங்கே வெள்ளையடித்தவர் கைராசிக்காரர்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அந்தக் கைராசிக்குப் பின்னால் ஓர் அழகான இரசாயன மாற்றம் ஒளிந்திருக்கிறது. அதை அறிந்துகொண்டால் நீங்களும் கைராசிக்காரர் ஆகலாம். உங்கள் வீட்டையும் குறைந்த செலவில் அழகாகவும் குளிர்ச்சியாகவும் ஆக்கலாம்.

கல் கரைந்து கல்லாகிறது

சுண்ணாம்பின் கதை கடலில் தொடங்குகிறது. சிப்பி, கிளிஞ்சல், நத்தை போன்ற உயிர்கள் தம் ஓட்டைக் கால்சியம் கார்பனேட் என்ற பொருளால் கட்டுகின்றன. சுண்ணாம்புக் கல்லும் இதே பொருள்தான். அரியலூர்ப் பகுதியில் இக்கல் ஏராளமாகக் கிடைக்கிறது. அப்பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இருந்தது என்பது இதற்குக் காரணம்.

இக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டுச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். அப்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால், 44 கிலோ வாயுவாகப் பறந்துபோகும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். கல்லுக்குள் ஒரு வாயு சிறைப்பட்டிருக்கிறது என்பதை எடையிட்டு நிறுவியவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக். அவருடைய ஆய்வு 1756-இல் அச்சில் வெளிவந்தது.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் ‘சுர்’ரென்று கொதிக்கும். அடியில் நெருப்பு இல்லை. ஆனாலும் ஆவி பறக்கும்! சுண்ணாம்பு நீருடன் சேரும்போது வெளிப்படும் வெப்பமே இதற்குக் காரணம். இதைத்தான் சுண்ணாம்பை ‘நீற்றுதல்’ என்கிறோம். இப்போது நம்மிடம் இருப்பது நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு.

இதைச் சுவரில் பூசியபின் என்ன நடக்கிறது? காற்றில் உள்ள கரியமில வாயு, சுவரின் ஈரத்தில் கரைந்து சுண்ணாம்புடன் சேருகிறது. மீண்டும் கால்சியம் கார்பனேட் உண்டாகிறது. காளவாயில் வாயுவை இழந்த கல், சுவரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ஆம், சுவரில் இருப்பது சாயமன்று. மெல்லிய கல் ஏடு!

முதல் வீட்டின் குறை என்ன என்பது இப்போது புரிகிறதல்லவா? காற்றில் கரியமில வாயு வெறும் 0.04 சதவீதம்தான். எனவே, கல்லாகும் வேலை மெதுவாக நடக்கும். அதுவரை சுவரில் சிறிது ஈரம் இருந்தாக வேண்டும். காய்ந்து கிடக்கும் சுவரில், கடும் வெயிலில், தடிமனாக அப்பினால் ஈரம் விரைவில் ஆவியாகிவிடும். கல்லாக வேண்டியது தூளாகவே நின்றுவிடும். அந்தத் தூள்தான் சட்டையில் ஒட்டுகிறது.

முதலில் கண்ணைக் காப்போம்

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்பு கடுமையான காரப்பொருள். கண்ணில் பட்டால் விழியின் கருவிழிப் படலத்தை அரித்துப் பார்வையையே பறித்துவிடும். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்புப் பொட்டலம் பிதுங்கிக் கண்ணில் தெறித்ததால் பார்வை இழந்த குழந்தைகள் நம் நாட்டில் உண்டு.

ஆகவே, சுட்ட சுண்ணாம்பை நீற்றும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். பிளாஸ்டிக் வாளி வெப்பத்தில் இளகிவிடும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். இரும்பு டிரம் அல்லது சிமென்ட் தொட்டி ஏற்றது. மூடிய பாட்டிலில் ஒருபோதும் நீற்றக் கூடாது; அது வெடித்துவிடும்.

பூசும்போது கண்ணாடி அணியுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். மருந்து தேடி ஓடவும் வேண்டா. இமைகளை நன்கு விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். முதல் சில நொடிகளில் ஊற்றும் தண்ணீரே தலைசிறந்த மருந்து.

பக்குவம் இதுதான்

ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. நீற்றியதை ஒரு நாள் அப்படியே விட்டுவைத்து, முரட்டுத் துணியில் வடிகட்டுங்கள். ஒவ்வொரு லிட்டருக்கும் 4 கிராம் கோந்தைச் சுடுநீரில் கரைத்துச் சேருங்கள். கல் உருவாகும்வரை துகள்களைப் பிடித்துவைக்கும் வேலை கோந்துக்கு.

நீற்றிய சுண்ணாம்பைத் தூளாகவே வாங்குகிறீர்களா? திறந்து கிடந்த பழைய தூள், மூட்டைக்குள்ளேயே கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாகிவிட்டிருக்கும். அதைப் பூசினால் பிடிக்காது. சோதிப்பது எளிது. ஒரு சிட்டிகைத் தூளில் எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாக விடுங்கள். ‘புஸ்’ என்று நுரைத்தால், வெளியேறுவது கரியமில வாயு. தூள் கெட்டுவிட்டது என்று பொருள்.

அடுத்து, சுவரைக் கவனியுங்கள். உதிரும் பழைய பூச்சைச் சுரண்டுங்கள். உப்புப் பூத்திருந்தால் தண்ணீரால் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். சுவரில் கசிவு இருந்தால் அதை முதலில் அடையுங்கள். எண்ணெய்ப் பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. அந்தப் பெயின்ட்டைச் சுரண்டுவதாக இருந்தால் நனைத்துச் சுரண்டுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், அதன் தூசு குழந்தைகளுக்குக் கேடு. நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017-இல்தான்.

இனி வெள்ளையடிக்கலாம். காலையிலோ மாலையிலோ, சுவரில் தண்ணீர் தெளித்து, அது உறிஞ்சியபின் தொடங்குங்கள். நார் மட்டையால் ஒருமுறை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும், அது காயுமுன் ஒருமுறை இடமும் வலமுமாகவும் இழுத்தால் ஒரு பூச்சு முடிந்தது. அது உலர்ந்தபின் அடுத்த பூச்சு. புதிய சுவருக்கு மூன்று பூச்சுகள் வேண்டும்.

பூசிய உடனே பார்த்தால் சுவர் சாம்பல் நிறமாய், பழைய கறைகள் தெரியும்படி இருக்கும். “சுண்ணாம்பு நீர்த்துவிட்டது” என்று எண்ணிக் கெட்டியாக அப்பிவிடாதீர்கள்! மறுநாள் காலை அதே சுவர் பளிச்சென்று வெளுத்திருக்கும். காரணம் என்ன? கற்கண்டு கண்ணாடிபோல் இருக்கிறது, பொடித்தால் வெள்ளையாகிறது. பொடியின் துகள்களுக்கிடையே உள்ள காற்றால் ஒளி பல பக்கமும் சிதறுவதே காரணம். சுவர் ஈரமாக இருக்கும்போது அந்த இடைவெளிகளில் நீர் நிறைந்திருப்பதால் ஒளி அவ்வளவாகச் சிதறுவதில்லை. நீர் போய்க் காற்று புகுந்ததும் வெண்மை தோன்றுகிறது. ஆகவே, பொறுமையும் ஒரு பக்குவம்தான்.

நிறம் வேண்டுமா?

வெண்மையில் இலேசான மஞ்சள் சாயல் தெரிந்தால், ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராமுக்கு மேற்படாமல் நீலம் கரைத்து ஊற்றலாம். மஞ்சளின் எதிர் நிறம் நீலம். இரண்டும் சேர்ந்து கண்ணுக்குத் தூய வெண்மையாகத் தெரியும். கூடினால் சுவர் நீலம் பாரித்துவிடும், கவனம்.

மஞ்சள் நிறம் வேண்டுமென்று சமையலறை மஞ்சள்தூளைக் கலந்துவிடாதீர்கள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இங்கும் நடக்கும். காரப்பொருளைத் தாங்கும் நிறங்களே சுண்ணாம்புக்கு ஏற்றவை. கோயில் மதிலின் காவிப் பட்டைகளை நினைத்துப் பாருங்கள். காவியில் இருப்பது இரும்பு ஆக்சைடு. அதைச் சுண்ணாம்பும் மாற்றாது; வெயிலும் வெளுக்கச் செய்யாது.

மொட்டை மாடியை மறவாதீர்!

சுவர் அழகு கண்ணுக்கு. மாடியின் வெண்மையோ உடம்புக்கு. பழகிக் கருத்துப்போன சிமென்ட் தளம், தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. கோடை நண்பகலில் அதன் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரவெல்லாம் அந்த வெப்பம் கீழே இறங்கும். “விசிறி ஓடினாலும் வெந்நீர்க் காற்றாக வீசுகிறதே” என்று நாம் புரள்வது இதனால்தான். புதிதாக வெள்ளையடித்த தளமோ ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஏற்ற வெப்பத்தையும் வானத்தை நோக்கி நன்றாகக் கதிர்வீசும். பளபளக்கும் தகரம் ஒளியைத் திருப்பினாலும், இந்த இரண்டாவது வேலையில் தோற்றுவிடுகிறது. அதனால்தான் தகரக் கூரை அப்படிச் சுடுகிறது.

இது வெறும் சுகத்திற்கான செய்தி அன்று. குஜராத்தின் அகமதாபாத் நகரில் 2010-ஆம் ஆண்டு மே மாதம் வெப்ப அலை வீசியபோது, வழக்கமாக அம்மாதத்தில் இறப்பவர்களைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர். அதன்பின் 2013-இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனித் திட்டம் வகுத்தது. 2017-இல் எளியோர் வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் பணியையும் தொடங்கியது. ஒரு வாளிச் சுண்ணாம்பின் அருமை இப்போது தெரிகிறதா?

மாடிக்கு வெள்ளையடிக்கும்போது மூன்றை நினைவில் வையுங்கள். மழையும் தூசும் வெண்மையைக் குறைப்பதால், ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடிக்க வேண்டும். ஈரத்தைப் பிடித்துவைக்கச் சிலர் சுண்ணாம்பில் உப்புச் சேர்ப்பதுண்டு. கான்கிரீட் மாடிக்கு அது கூடாது, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். மழைநீரைத் தொட்டியில் சேமிப்பவர்கள் முதல் மழை நீரை வெளியே விட்டுவிட வேண்டும். மாடி விளிம்பில் பெரியவர் துணையின்றி ஏற வேண்டா என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களை எடுத்து, ஒன்றின் வெளிப்புறத்துக்கு மட்டும் இரண்டு பூச்சு வெள்ளையடியுங்கள். நன்கு உலர்ந்தபின் இரண்டையும் வெயிலில் கவிழ்த்து, அடியில் பள்ளிச் சோதனைச் சாலையின் வெப்பமானியை வைத்து, கால் மணிக்கு ஒருமுறை அளவைக் குறியுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டா. அதிக வெப்பத்தில் அது உடைந்துவிடும்.

இன்னொன்று. வெள்ளைத் தாளை மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். அதில் ஒரு துண்டை ஈரமாக்கி, புதிதாக வெள்ளையடித்த சுவரில் அழுத்தினால் சிவக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஒரே சுவரில் இதைச் செய்யுங்கள். நாள் செல்லச் செல்லச் சிவப்பு மங்குகிறதா? மங்கினால், காரப்பொருள் குறைந்து கல் வளர்கிறது என்று பொருள். பழைய கான்கிரீட் எவ்வளவு ஆழம் கரியமில வாயுவை ஏற்றிருக்கிறது என்று அறியப் பொறியாளர்களும் இதே வழியைத்தான் கையாள்கிறார்கள். மஞ்சளுக்குப் பதில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைத் தெளிக்கிறார்கள், அவ்வளவே.

அடுத்த போகிக்குச் சுண்ணாம்பு கரைக்கும்போது, தெளித்த தண்ணீர் எதற்கு, மெல்லிய பூச்சு எதற்கு, பொறுமை எதற்கு என்று உங்கள் தம்பி தங்கையருக்குச் சொல்லிக்கொண்டே அடியுங்கள். ஒரு வாரம் கழித்துச் சுவரில் தைரியமாகச் சாய்ந்து பாருங்கள். சட்டை தூய்மையாகவே இருந்தால், நீங்கள் கைராசிக்காரர்தான்!