ஊர்த்தோப்பு – 6: நான்காம் ஆண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் மனைப்பிரிவுகள்தான். பழத்தோப்புக்கான இடமும் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மிச்சமுள்ள பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். பூங்காவுக்கென்று விடப்பட்டு முள் மண்டிக் கிடக்கும் அந்த ஓ.எஸ்.ஆர். நிலம் எழுபது சென்ட் இருந்தால், பத்து மீட்டர் இடைவெளியில் 28 மாமரம் வைக்கலாம்.

சரி, பணம்?

நடுவதற்குப் பணம் கேட்டால் கிடைத்துவிடும். சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் போதும். கன்று வரும், இரும்புக் கூண்டு வரும், ஃபிளெக்ஸ் பேனர் வரும். அடுத்த கத்திரி வெயிலில் போய்ப் பாருங்கள். கூண்டு நிற்கும், உள்ளே விரல் பருமனில் ஒரு சுள்ளி. கூண்டில் எழுதிய நன்கொடையாளர் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் செடி சாக வேண்டியதே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்றுக்கு 20 லிட்டர், வாரம் இரண்டு முறை: 28 கன்றுக்கும் சேர்த்து வாரத்துக்கு 1,120 லிட்டர். சித்திரையில் அதை இரட்டித்தாலும் ஒரு சின்ன டேங்கர் போதும். தண்ணீரைவிட ஆள்தான் பெரிய தேவை. குடம் தூக்க, ஆடு மாடு விரட்ட, வேலி பிய்ந்தால் கட்ட ஒருவர் வேண்டும். ஒட்டு மா காய்ப்புக்கு வர நான்கைந்து வருடம் ஆகும். அதுவரை அவருக்குக் கூலி கொடுக்கப் போவது யார்?

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியிலிருந்தே கொடுக்க முடியும். கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட்டுகளும் காக்களூர் தொழிற்பேட்டையும் இருக்கும் மாவட்டம் இது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. வேளாண் காடு வளர்ப்பு அனுமதித்த பணிகளில் ஒன்று. 2021இல் திருத்திய விதிகளைப் பலர் கவனிப்பதில்லை. தொடர் திட்டமாகப் பதிந்தால், தொடங்கிய நிதியாண்டும் அதற்குப் பின் மூன்று ஆண்டுகளும் செலவு செய்யலாம். மாங்கன்றுக்குத் தேவைப்படும் காலமும் ஏறக்குறைய அதுவேதான்! ஆகவே மனுவில் கன்றின் விலையை முதல் வரியாக எழுதாதீர்கள். நான்கு ஆண்டுப் பராமரிப்புக் கூலியை முதலில் எழுதுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. நேற்று பதிவான குடியிருப்போர் சங்கத்தின் கையில் கம்பெனி இந்தப் பணத்தைத் தர முடியாது. வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு, மூன்றாண்டுப் பணி அனுபவம், சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பெற்ற பதிவு எண் எல்லாம் கேட்பார்கள். இவை உள்ள அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து போங்கள். அல்லது கம்பெனியே நேரடியாகச் செய்யட்டும்.

அரசுப் பக்கம் 1997இல் தொடங்கிய நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். வேலி, தண்ணீர்த் தொட்டி போன்ற ஒருமுறைச் செலவுக்கு இதை முயன்று பார்க்கலாம்.

ராஜஸ்தானில் பளிங்குச் சுரங்கங்கள் சூழ்ந்த பிப்லாந்திரி ஊராட்சி, பணத்தையும் பராமரிப்பையும் ஒரே முடிச்சில் கட்டியது. ஊரில் பெண் குழந்தை பிறந்தால் 111 மரம். ஊரார் 21,000 ரூபாயும் பெற்றோர் 10,000 ரூபாயும் போட்டுக் குழந்தை பெயரில் வைப்புத்தொகை கட்டுவார்கள். மரங்களைக் காப்போம் என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திடுவார்கள். தலைவராக இருந்து இதைத் தொடங்கிய ஷியாம் சுந்தர் பாலிவாலுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அரசுத் திட்டப் பணமும் அங்கே வந்தது. ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வீடு பொறுப்பு.

வேப்பம்பட்டிலும் வீட்டுக்கு ஒரு மரம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் பழம் யாருக்கு என்பதை நடும் முன்பே பேசி முடிக்க வேண்டும். நிலம் ஊராட்சியுடையது; மரமும் அப்படித்தான். சாலையோரப் புளியமரத்தை ஏலம் விடுவது நமக்குப் பழகிய வழக்கம். அதுபோலக் காய்ப்பை ஏலம் விட்டு, அந்தப் பணத்தை ஐந்தாம் ஆண்டிலிருந்து காவலுக்கும் தண்ணீருக்கும் ஒதுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இரண்டு மரத்தை ஏலத்தில் சேர்க்காமல் விடுங்கள்.

இதைக் கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடம் முழுக்க வாய்ப்பு இருக்கிறது. தீர்மான நகலும் தானப்பத்திர நகலும் இல்லாமல் எந்தக் கம்பெனி வாசலுக்கும் போகாதீர்கள்.

எந்த மரம், எந்த மண் என்பதை அடுத்த வாரம் பக்கத்திலேயே உள்ள திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்து தொடங்குவோம்.