பனியிலும் சுழலும் ராட்டை

டிசம்பர் 21 பிறந்தால் காஷ்மீரில் 'சில்லை கலான்' ஆரம்பம். அடுத்த 40 நாட்களும் கடுங்குளிர். குழாய்த் தண்ணீர் உறையும்; மின்சாரம் அடிக்கடி போகும்; பெரும்பனி கொட்டினால் ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலையே மூடப்படும். ஆனாலும், ஸ்ரீநகர் வீடுகளுக்குள் பெண்களின் ராட்டை நிற்பதில்லை.

பஷ்மினா நூல் நூற்பது, அங்குள்ள பெண்கள் தலைமுறைகளாக வீட்டிலிருந்தே செய்துவரும் தொழில். 'யெந்தர்' எனப்படும் ராட்டையைக் கையால் சுற்றினால் போதும், மின்சாரமே வேண்டாம். மூலப்பொருளான ஆட்டு ரோமம், லடாக்கின் சாங்தாங் பகுதியிலிருந்து வருகிறது. வழியில் இருக்கும் சோஜிலா கணவாயைப் பனி மூடுவதற்குள் சரக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

சமையலறையிலும் இதே முன்யோசனைதான். தக்காளி, கத்தரிக்காய், சுரைக்காயை வெயில் காலத்திலேயே காயவைத்துவிடுகிறார்கள், நம் வீட்டு வற்றல் மாதிரி! குளிர்காய, 'காங்கிரி' என்ற கணப்புச் சட்டி. அறையை முழுக்க மூடிவிட்டால் கரிப்புகை உயிருக்கே ஆபத்து என்பதால், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது அவசியம்.

பனியைச் சமாளித்த இவர்களுக்கு இயந்திரம்தான் பெரிய சவால். இயந்திர நூல் வந்தபின், கூலி கட்டுப்படியாகாமல் பலர் ராட்டையை ஓரம்கட்டிவிட்டார்கள். கையால் நூற்று, கையால் நெய்த சால்வைக்குத்தான் 'காஷ்மீர் பஷ்மினா' புவிசார் குறியீட்டு முத்திரை உண்டு. அடுத்த முறை பஷ்மினா வாங்கும்போது, அந்த முத்திரையைக் கேட்டு வாங்குங்கள் தோழிகளே. எங்கோ ஒரு வீட்டில் ராட்டை மீண்டும் சுழலும்!