பன்றிப் பண்ணையில் சிக்கிய மரபணு

நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மாடு, கோழி, பன்றி எல்லாவற்றின் குடலிலும் அப்படித்தான். அவற்றில் ஒன்று ஈ.கோலை. பெரும்பாலும் சாதுவானது, சில வகைகள் மட்டும் நோய் தரும். பண்ணை விலங்குகளிடம் உள்ள ஈ.கோலையை விஞ்ஞானிகள் ஏன் விடாமல் ஆராய்கிறார்கள்? சீனாவில் நடந்ததைக் கேளுங்கள், புரியும்.

கோலிஸ்டின் என்றொரு ஆன்டிபயாட்டிக் மருந்து உண்டு. அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் டாக்டர்கள் எளிதில் கொடுக்கமாட்டார்கள். வேறு மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளுக்காகக் கடைசிக் கையிருப்பாக வைத்திருப்பார்கள். அதே மருந்தைச் சீனப் பண்ணைகளில், விலங்குகள் வேகமாக வளரட்டும் என்று தீவனத்தில் கலந்துவந்தார்கள். இப்படி மருந்து தொடர்ந்து உள்ளே போனால் அதற்கு அடங்கும் பாக்டீரியா செத்துவிடும். தாக்குப்பிடிப்பது பிழைத்துப் பெருகும்.

2013 ஜூலையில், ஷாங்காயில் ஒரு பண்ணைப் பன்றியிடமிருந்து எடுத்த ஈ.கோலை, கோலிஸ்டினுக்கு அடங்கவில்லை. இதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் தெரியுமா? சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஊட்டக் கரைசலை ஊற்றுவார்கள். முதல் குழியில் கொஞ்சம் மருந்து, அடுத்ததில் அதைப்போல் இரு மடங்கு, அதற்கடுத்ததில் நான்கு மடங்கு என்று கூட்டிக்கொண்டே போவார்கள். எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு பாக்டீரியாவை விட்டு, இதமான சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். காலையில் கரைசல் தெளிவாக இருந்தால் மருந்து வென்றது. கலங்கியிருந்தால் பாக்டீரியா வென்றது.

சரி, அந்த பாக்டீரியாவுக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? விஞ்ஞானிகள் அதன் டி.என்.ஏ.வைப் படித்தார்கள். பிளாஸ்மிட் என்னும் சிறிய டி.என்.ஏ. வளையத்தில் ஒரு புதிய மரபணு இருந்தது. அதற்கு எம்.சி.ஆர்-1 என்று பெயரிட்டார்கள். கோலிஸ்டின் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டுதான் அதைக் கொல்லும். அந்த ஒட்டுமிடத்தையே இந்த மரபணு மாற்றிவிடுகிறது. அந்த மரபணுவை மட்டும் சாதாரண ஈ.கோலைக்குள் வைத்துப் பார்த்தார்கள். அதுவும் மருந்தை எதிர்த்தது!

கவலை தந்த விஷயம் அந்த வளையம்தான். வகுப்பில் ஒருவர் எழுதிய விடையைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்து எழுதிக்கொள்வதுபோல, ஒரு பாக்டீரியாவின் பிளாஸ்மிட்டை இன்னொன்று நகலாகப் பெற்றுக்கொள்ளும்.

அப்படியானால் அந்த மரபணு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? இங்கே பி.சி.ஆர். சோதனை கைகொடுத்தது. கொரோனா காலத்தில் கேட்ட அதே பெயர்தான்! தேடும் மரபணு இருந்தால் மட்டும் இது அதை நகலெடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்றுகளில் ஒரே ஒரு துண்டு நூறு கோடிக்கும் மேல் பெருகிவிடும். அப்புறம் கண்டுபிடிப்பது சுலபம்.

2015 நவம்பரில் முடிவு வெளியானது. சோதித்த 523 இறைச்சி மாதிரிகளில் 78-இல் எம்.சி.ஆர்-1 உள்ள ஈ.கோலை இருந்தது. விலங்குகளிடம் எடுத்த 804 மாதிரிகளில் 166-இல் இருந்தது. மருத்துவமனை நோயாளிகளிடம் எடுத்த 1,322 மாதிரிகளில் 16-இலும் அந்த மரபணு இருந்தது. பண்ணையில் உருவாகும் எதிர்ப்பு, பண்ணைக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை என்று உலகம் விழித்துக்கொண்டது.

2017-இல் விலங்குகளை வேகமாக வளர்ப்பதற்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதைச் சீனா நிறுத்தியது. பிறகு சோதித்தபோது, பன்றி, கோழிகளிடம் அந்த மருந்தை எதிர்க்கும் ஈ.கோலை வெகுவாகக் குறைந்திருந்தது! இந்தியாவும் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் தருவதைத் தடை செய்தது.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. பச்சை இறைச்சியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இறைச்சியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். டாக்டர் சொல்லாமல் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். மருந்தை அளவோடு பயன்படுத்தினால்தான், உண்மையாகவே தேவைப்படும் நாளில் அது வேலை செய்யும்.