லூயிஸ் மிகேல்: பொலேரோவுக்குப் புதுவாழ்வு தந்த குரல்

ஸ்பானிய மொழிக் காதல் பாடல்களின் உலகில் பெரும் புகழ் பெற்ற பாடகர் லூயிஸ் மிகேல். 1970 ஏப்ரல் 19 அன்று புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் பிறந்தார். தந்தை லூயிசித்தோ ரே ஸ்பெயின் நாட்டுப் பாடகர். தாய் மார்செலா பஸ்தெரி இத்தாலியர். மெக்சிகோவில் வளர்ந்த சிறுவனின் முதல் ஆல்பம் 1982இல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினொன்று. ஸ்காட்லாந்துப் பாடகி ஷீனா ஈஸ்டனுடன் சேர்ந்து பாடிய பாட்டுக்காக 1985இல் கிராமி விருது பெற்றபோதும் பதினைந்து நிரம்பவில்லை.

குழந்தை நட்சத்திரங்கள் பலருக்குக் குரல் உடைவதோடு புகழும் போய்விடும். இவருக்கு அப்படி நேரவில்லை. 1987 முதல் ஸ்பானிய இசையமைப்பாளர் ஹுவான் கார்லோஸ் கால்டெரோனுடன் இணைந்து, வாலிபருக்குரிய காதல் பாடல்களுக்கு மாறினார். 1988இல் வந்த ‘புஸ்கா ஊனா முஹேர்’ ஆல்பத்தின் ‘லா இன்கோந்திசியோனல்’ அவரை லத்தீன் அமெரிக்கா முழுவதும் கொண்டுசென்றது.

1991இல் அடுத்த ஆல்பத்துக்கான கெடு நெருங்கியது. புதிய பாடல்கள் தயாராகவில்லை. அந்த நெருக்கடியில்தான் பழைய பொலேரோக்களைப் பாடலாம் என்ற யோசனை பிறந்தது.

பொலேரோ என்பது மெதுவான நடையில் அமைந்த காதல் பாட்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கியூபாவின் சாந்தியாகோ நகரில், கிட்டாரோடு ஊர்சுற்றிப் பாடியவர்களிடையே உருவானது. அதன் முன்னோடியாக மதிக்கப்படும் பெப்பே சாஞ்செஸ் தொழிலால் தையல்காரர். கியூபாவிலிருந்து கடல் வழியே யுக்கத்தான் தீபகற்பத்துக்கு வந்து, மெக்சிகோ முழுவதும் வேரூன்றியது. அகுஸ்தீன் லாராவின் மெட்டுகளும், வானொலியும், திரைப்படங்களும் அதை வீடுதோறும் சேர்த்தன. 1944இல் தொடங்கிய ‘லோஸ் பாஞ்சோஸ்’ மூவர் குழு, கூடிப் பாடும் குரல்களையும் உச்ச சுருதியில் ஒலிக்கும் சிறிய கிட்டாரான ரெக்கிந்தோவையும் அதன் அடையாளமாக்கியது. ஆனால் ராக்கும் பாப்பும் ஓங்கிய பிறகு, பொலேரோ அப்பா அம்மா காலத்துப் பாட்டு என்று இளைஞர்கள் ஒதுக்கினார்கள்.

அந்தப் பாட்டை இருபத்தொரு வயதுப் பாப் பாடகர் கையில் எடுத்ததுதான் ‘ரொமான்ஸ்’ ஆல்பத்தின் துணிச்சல். தயாரிப்பில் துணைநின்றவர் யுக்கத்தானின் மெரிதா நகரைச் சேர்ந்த அர்மாந்தோ மன்சனேரோ. தாமே பல புகழ்பெற்ற பொலேரோக்களை இயற்றியவர் என்பதால், எந்தப் பாட்டு இந்தக் குரலுக்குப் பொருந்தும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இசைக்கோர்ப்பு அர்ஜென்டினாவின் பேபு சில்வெத்தியுடையது. மூவர் குழுவின் கிட்டார்கள் இருந்த இடத்தில் அவர் வயலின்களின் பெருங்கூட்டத்தை வைத்தார், மெட்டுகளைக் குலைக்கவில்லை.

1991 நவம்பரில் வெளிவந்த அந்த ஆல்பத்தில் பன்னிரண்டு பாடல்கள். மரியா கிரெவர் 1934இல் இயற்றிய ‘குவாந்தோ வுவெல்வா ஆ து லாதோ’ அவற்றில் ஒன்று. அதே மெட்டு ஆங்கில வரிகளோடு அமெரிக்காவிலும் புகழ்பெற்றது. 1959இல் டைனா வாஷிங்டன் பாடிய பதிவு மிகப் பிரபலம். கியூபாவின் ஹூலியோ குத்தியேரெஸ் 1940களில் இயற்றிய ‘இனோல்விதாப்லே’, ரொபேர்த்தோ கந்தொராலின் ‘லா பார்க்கா’, மன்சனேரோவின் ‘நோ சே தூ’ ஆகியவையும் இடம்பெற்றன. தாத்தா காலத்துப் பாட்டும் அண்மையில் எழுதிய பாட்டும் ஒரே வார்ப்பில் ஒலித்தன. தாழ்ந்த குரலில், காதருகே பேசுவதுபோல் தொடங்கி, சொற்கள் தெளிவாகக் கேட்கும்படி நிதானமாக ஏறி, உச்சத்தில் முழுக்குரலையும் திறப்பது லூயிஸ் மிகேலின் பாணி. காதலின் தவிப்பைச் சொல்லும் பொலேரோவுக்கு அந்த நிதானம் கச்சிதமாகப் பொருந்தியது.

விளைவு பெரிது. ‘இனோல்விதாப்லே’, ‘நோ சே தூ’ இரண்டும் அமெரிக்காவின் பில்போர்டு லத்தீன் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தன. ஆல்பம் உலகெங்கும் எழுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பிற பாடகர்களும் பொலேரோவின் பக்கம் திரும்பினார்கள். மூல இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்கும் இளைய தலைமுறையும் உருவானது. அதே வரிசையில் 1994இல் ‘செகுந்தோ ரொமான்ஸ்’, 1997இல் ‘ரொமான்செஸ்’, 2001இல் ‘மிஸ் ரொமான்செஸ்’ வெளிவந்தன. முதல் இரண்டும் கிராமி வென்றன.

பின்னர் அவர் மெக்சிகோவின் மரியாச்சி இசைக்கும் சென்றார். 2004இல் ‘மெஹிகோ என் லா பியேல்’, 2017இல் ‘மெஹிகோ போர் சியெம்ப்ரே’ வந்தன. பின்னது 2018இல் லத்தீன் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதைப் பெற்றது. 2023 ஆகஸ்டில் புவனஸ் அயர்ஸில் தொடங்கிய அவருடைய சுற்றுப்பயணம் அடுத்த ஆண்டு இறுதிவரை நீண்டது. அந்த 2023 டிசம்பரில், கியூபாவும் மெக்சிகோவும் சேர்ந்து முன்மொழிந்த பொலேரோவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மரபு நிலைப்பதற்கு அதைப் போற்றுபவர்கள் மட்டும் போதாது, புதிதாகப் பாடுபவர்களும் வேண்டும் என்பதற்கு ‘ரொமான்ஸ்’ வலுவான சான்று.