இயந்திரம் கேட்கும் கைரேகை. எட்டாத 300 ரூபாய்

புதுதில்லி: இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டத்தில், 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசு அளிக்கும் பங்கு மாதம் 300 ரூபாய். 2012-ல் நிர்ணயிக்கப்பட்ட தொகை இது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதுடன், 80 சதவீதக் குறைபாடும் இருந்தால்தான் இதுவும் கிடைக்கும். பத்தாண்டுகள் கடந்தும் தொகை உயரவில்லை; அதைப் பெறும் வழிதான் மாறியிருக்கிறது.

மாற்றுத்திறனாளி சான்றிதழை இணையம் வழியாகவே வழங்க வேண்டும் என்ற விதி 2021 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்தால் இடைத்தரகர்களும் போலிகளும் ஒழிவர் என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மணியார்டர் காலத்தில் தபால்காரருக்குத் 'தனியாகக் கவனித்த' கதைகளை ஊரே அறியும்.

ஆனால், கிராமத்து வங்கி முகவரின் கருவி கேட்பது கைரேகையை. தொழுநோயால் விரல்களை இழந்தவர் எதை வைப்பார்? மூளை முடக்குவாதத்தால் கை நடுங்குபவர் எப்படி அழுத்துவார்? குறைபாட்டுக்காக உதவி கோருபவரிடம், குறைபாடற்ற உடலைக் காட்டு என்கிறது இயந்திரம்.

கைரேகை பதியாவிட்டால் கருவிழி, கைப்பேசிக் கடவு எண் என மாற்று வழிகளைக் கையாள வேண்டும் என மத்திய அமைச்சரவைச் செயலகம் 2017 டிசம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. அங்கீகாரம் தோல்வியுற்றது என்பதற்காகப் பயனை மறுக்கக் கூடாது என்று 2018 ஆதார் தீர்ப்பும் கூறியது. இருந்தும், வங்கிகளின் இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டிக் காட்டச் சொல்வதை எதிர்த்து, அமிலவீச்சில் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, எண்ம வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு சார்ந்த உரிமை எனக் கூறி, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. வங்கிக் கணக்கே திறக்க முடியாதவருக்கு ஓய்வூதியம் எவ்வழியில் சேரும்?

தரவுப் பிழை இன்னொரு அபாயம். ஹரியாணாவில் குடும்ப அடையாள அட்டைத் தரவில் இறந்தவர்களாகப் பதிவான முதியோர் சிலர், 2022-ல் ஓய்வூதியம் நின்றுபோய், தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க அலைந்தனர்.

சான்றிதழ் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய 2016-ம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்கு எழுத்தில் ஓர் ஆணையாவது வேண்டும். 'சர்வர் இல்லை, நாளை வாருங்கள்' என்ற பதிலுக்கு எதிராக எங்கே முறையிடுவது? சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆட்டோ வைத்து இருமுறை வட்டத் தலைநகருக்குப் போய்வந்தால், அந்த மாதத்து 300 ரூபாய் அதிலேயே கரைந்துவிடும்.