பின்னலாடை ஊர்களைத் தேடி ஒரு தனி ரயில் பயணம்

ஐரோப்பாவுக்குத் தனியாக ரயிலில் சுற்றப் போகிறேன் என்றதும் திருப்பூரில் எனக்குக் கிடைத்த முதல் கேள்வி, ‘எந்த பையரைப் பார்க்க?’ என்பதுதான். இருபது ஆண்டுகளாக ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக இருப்பவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? இதற்கு முன் நான் சென்ற பயணங்கள் எல்லாம் முதலாளியுடன், அழைப்புக் கடிதத்துடன், விமான நிலையத்திலிருந்து கண்காட்சி அரங்குக்கும் அங்கிருந்து விடுதிக்கும் சென்று திரும்பியவை. இம்முறை யாரும் அழைக்கவில்லை. யாரும் உடன் வரவும் இல்லை.

போகவிருப்பது ஈபிள் கோபுரத்தையோ சுவிஸ் பனியையோ பார்க்க அல்ல. நமக்கு முன்பு பின்னலாடையால் வாழ்ந்த ஊர்களைப் பார்க்க. அத்தகைய ஊர்களுக்கு எந்தச் சுற்றுலா நிறுவனமும் குழு அழைத்துச் செல்வதில்லை. தனியாகப் போவதற்கு அதுவே காரணம்.

பின்னல் இயந்திரத்தின் பிறப்பிடம் இங்கிலாந்தில் நாட்டிங்காம் அருகிலுள்ள கால்வர்ட்டன். காலுறை பின்னும் சட்டகத்தை வில்லியம் லீ 1589-இல் அங்கே உருவாக்கினார். ஆனால், பிரிட்டன் ஷெங்கன் கூட்டமைப்பில் இல்லை. அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம். எனவே அதை விட்டுவிட்டு, ஒரே விசாவில் அடங்கும் நான்கு ஊர்களைத் தேர்ந்தேன்.

முதலாவது, ஸ்பெயினின் மத்தாரோ. பார்சிலோனாவிலிருந்து கடலோரமாகப் புறநகர் ரயிலில் செல்ல வேண்டும். ஸ்பெயினின் பெருநிலப்பரப்பில் முதல் ரயில் ஓடியதே இந்தத் தடத்தில்தான், 1848-இல். பம்பாய் - தாணே ரயிலுக்கு 5 ஆண்டுகள் மூத்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் தண்டவாள இடைவெளி 1,435 மி.மீ.; ஸ்பெயினின் பழைய பாதைகளில் 1,668 மி.மீ. நம் அகலப் பாதையோ 1,676 மி.மீ. வெறும் 8 மி.மீ. வேறுபாடு! துணியின் ஜிஎஸ்எம்மையும் சட்டையின் அளவையும் அளந்தே பழகியவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் இருக்காது.

இரண்டாவது, பிரான்ஸின் துருவா. பாரிஸின் கிழக்கு நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பெத்தி பட்டோ குழந்தை உடைகள் 1893-இல் தொடங்கிய ஊர் இது. முதலைச் சின்னம் பொறித்த லகோஸ்ட் சட்டையின் வரலாறும் இங்கிருந்தே தொடங்குகிறது. மூன்றாவது, ஜெர்மனியின் ஆல்ப்ஸ்டாட். நம் நிட்டிங் கூடங்களில் சுழலும் மேயர் அண்ட் சீ வட்டப் பின்னல் இயந்திர நிறுவனம் 1905-இல் பிறந்தது இங்குள்ள டைல்ஃபிங்கனில். நான்காவது, இத்தாலியின் கார்ப்பி. மொதேனாவுக்கு அருகில் இருப்பது. வைக்கோல் போன்ற மரச்சீவல்களைப் பின்னித் தொப்பி செய்துகொண்டிருந்த வீட்டுப் பெண்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பின்னலாடைக்கு மாறிய ஊர். சிறு சிறு கூடங்கள் ஒன்றுக்கொன்று ஜாப் ஒர்க் கொடுத்து வளர்ந்த விதம் திருப்பூரையே நினைவூட்டும். ஆய்வாளர்கள் நம் ஊரை இத்தாலியத் தொழில் நகரங்களுடன் ஒப்பிடுவது இதனால்தான்.

முதல் மூன்று ஊர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: மூன்றிலும் பின்னலாடைக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. துருவாவுக்குப் பாரிஸ்வாசிகள் இன்று மலிவு விலைக் கடைகளைத் தேடி வருகிறார்கள். அங்கே அடுக்கியிருப்பவற்றில் பெரும்பாலானவை வேறு நாடுகளில் தைத்தவை. பின்னலாடை போன பின்பு ஓர் ஊர் எதைக் கொண்டு வாழ்கிறது? தைத்த கைகள் எங்கே போயின? கூலி குறைந்த இடம் தேடி ஆர்டர்கள் நகர்ந்தபோதுதான் நமக்கு வாழ்வு வந்தது. வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் 1978-இல் திருப்பூர் பனியனைத் தேடி வந்ததை ஏற்றுமதி வரலாற்றின் தொடக்கமாக இங்கே சொல்வார்கள். அந்த நகர்வு நம்மோடு நின்றுவிடும் என்று யார் உறுதி தர முடியும்? வங்கதேசத்தின் விலையைக் காட்டி பையர் பேரம் பேசும் ஒவ்வொரு முறையும் எனக்குத் துருவா நினைவுக்கு வருகிறது.

இனி ரயில். ஐரோப்பியர் அல்லாதோருக்கான யூரெயில் பாஸ் 1959-இல் வந்தது. ஒரு மாதத்துக்குள் 7 நாள்கள் என்பதுபோல் நாள் கணக்கில் வாங்கலாம்; குறிப்பிட்ட அந்த நாளில் நள்ளிரவு வரை எத்தனை ரயிலிலும் ஏறி இறங்கலாம். இரவு ரயில் என்றால் புறப்படும் நாள் மட்டுமே கணக்கு. ஆனால், பாஸ் இருந்தால் இருக்கை உண்டு என்று பொருளல்ல. பிரான்ஸின் டிஜிவி அதிவேக ரயில்களுக்குத் தனியே பணம் கட்டி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். பாஸ்காரர்களுக்கான இடமும் அளவானது. ஜெர்மனியின் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இல்லை. பாரிஸிலிருந்து ஷ்டுட்கார்ட்டுக்கு முன்பதிவு வேண்டும். அங்கிருந்து டூபிங்கன் வழியாக ஆல்ப்ஸ்டாட் செல்லும் சிறு ரயில்களுக்கு வேண்டாம். பெட்டியில் ஒட்டிய பெயர்ப் பட்டியல் இல்லை, போர்ட்டர் இல்லை. சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து இரு ஊர்களுக்குப் போகும். ரயிலின் பெயரை மட்டுமல்ல, பெட்டியில் எழுதியிருக்கும் ஊரையும் பார்த்து ஏற வேண்டும். தனியாகச் செல்பவருக்கு ஒரே பைதான் சரி. கழிவறைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஆளில்லை அல்லவா? அம்மா கட்டித் தருவதாகச் சொன்ன நெய் மைசூர்பாகும் வராது. பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லத் தடை.

இவை எல்லாம் எளிய பகுதி. கடினமானது விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மறுக்கப்பட்டால் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாள், விடுப்புக் கடிதம், ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறோம் என்ற சான்று என அடுக்க வேண்டும். தனியாக, உறவினர் எவரும் இல்லாத இடத்துக்குச் செல்பவர் திரும்பி வருவார் என்பதைக் காகிதம்தான் பேச வேண்டும். ஏற்கெனவே சென்று திரும்பியவர்களுக்கு 2024 ஏப்ரலில் வழி சற்றுத் திறந்தது: மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசா பெற்று முறையாகப் பயன்படுத்திய இந்தியருக்கு, இரண்டாண்டு பலமுறை நுழைவு விசா கிடைக்கக்கூடும். எனக்குப் பழைய பயணங்கள் கைகொடுத்தன.

பவர் டேபிளில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்குத் தைத்துச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் ஒருவருக்கு எது கைகொடுக்கும்? விடுப்புக் கடிதம் தர நிரந்தர வேலை இல்லை; காட்ட வரித் தாள் இல்லை. அவர் தைத்த சட்டை லாரியில் தூத்துக்குடி சென்று, கப்பல் மாறி, ராட்டர்டாமிலோ ஹாம்பர்க்கிலோ இறங்கிவிடும். ‘பணம் இருந்தாலும் அவர் போகப் போவதில்லை’ என்றார் நண்பர் ஒருவர். நான் அதை ஏற்கவில்லை. கொங்கு மண்ணில் பயணம் பிழைப்புக்கும் உதவியிருக்கிறது. திருப்பூரில் பருத்தி அரைவை நடத்திப் பொருளீட்டிய ஜி.டி.நாயுடு, 1930-களில் கேமராவுடன் ஐரோப்பாவைச் சுற்றினார். அங்கு கண்டதைக் கோவையில் இயந்திரமாக்கினார்.

1990-இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் வாங்குவோரைச் சந்திக்க உறுப்பினர்களை வெளிநாடுகளுக்கு அழைத்துச் செல்கிறது. அந்தக் குழுக்களில் ஒரு கட்டிங் மாஸ்டரையும், செக்கிங் பெண் ஒருவரையும் சேர்க்கலாமே! அமைப்பின் அழைப்புக் கடிதமும் உத்தரவாதமும் இருந்தால் காகிதச் சிக்கல் பெருமளவு குறையும். துருவாவின் கடை வீதியைக் கண்டு வருபவர் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் வேறு விதமாகப் பேசுவார் என்பது முதலாளிகளுக்குத் தயக்கம் தரலாம். அவர்களும் அதே வீதியைக் கூடவே பார்க்கத்தான் போகிறார்கள்.

கார்ப்பியில் மட்டும் நான்கு நாள்கள் வைத்திருக்கிறேன். அங்கே தொழில் சுருங்கினாலும் நின்றுவிடவில்லை. சிறு கூடங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன, பிள்ளைகள் அதே தொழிலுக்கு வருகிறார்களா, சாயக் கழிவுநீரை என்ன செய்கிறார்கள் என்று கேட்க வேண்டியவற்றை ஆர்டர் டைரியின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை, சம்பளப் பட்டுவாடா முடிந்த பிறகு, இரவு சேரன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறுகிறேன்.