வீட்ல மாற்றுத்திறனாளிக் குழந்தை இருக்கா? வரிக்கழிவுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால் 80டிடி பிரிவில் வரிக்கழிவு உண்டுன்னு நிறைய வீடியோல கேட்டிருப்பீங்க. உண்மைதான். குறைபாடு 40 சதவீதம் இருந்தால் 75,000 ரூபாய். 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாய். பிள்ளைக்கு மட்டுமில்ல, உங்களை நம்பியிருக்கிற தம்பி, தங்கைக்கும் பொருந்தும்.

ஆனா ஒரு கணக்கு போடுவோம். இந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே இல்லை. சேலத்திலோ நாமக்கல்லிலோ மாசம் 35,000 வாங்குறவருக்கு வருஷ சம்பளம் 4.2 லட்சம். கட்ட வேண்டிய வரியே இல்லாதவருக்கு 80டிடி-யால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. அப்போ உங்க குடும்பத்துக்கு உண்மையில் கைகொடுப்பது எது?

1. சான்றிதழும் யூடிஐடி அட்டையும்

எல்லாத்துக்கும் சாவி இதுதான். அரசு மருத்துவமனை மருத்துவர்கள் பரிசோதித்து சதவீதம் போட்டுத் தருவாங்க. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டிசம் உட்பட 21 வகைக் குறைபாடுகள் இதில் வரும்.

2. மாதம் 2,000 ரூபாய்

தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, 75 சதவீதத்துக்கு மேல் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு. கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கணும். வருஷத்துக்கு 24,000 ரூபாய். 20 சதவீத வரி கட்டுறவருக்கே 75,000 கழிவால் மிச்சமாவது செஸ் சேர்த்து 15,600 ரூபாய்தான்! தெரபிக்குப் போய்வர சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல குழந்தைக்கும் துணைக்கு வர்றவருக்கும் டிக்கெட் வேண்டாம்.

3. நிராமயா இன்ஷூரன்ஸ்

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் 1 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நாலுக்கும் உண்டு. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. தனியார் பாலிசிகள் பெரும்பாலும் தொடாத தெரபி செலவும் ஒரு வரம்புக்குள் கிடைக்கும்.

4. உங்களுக்குப் பிறகு?

பெத்தவங்களைத் தூங்கவிடாத கேள்வி இது. உங்க சம்பளத்தில் பிஎஃப் பிடிச்சு இபிஎஸ் பென்ஷன் திட்டத்தில் இருந்தால், உங்களுக்கு ஏதாவது ஆனாலும் நிரந்தரமான, முழுமையான குறைபாடு உள்ள பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் பென்ஷன் வரும். மற்ற பிள்ளைகளுக்கு 25 வயதோடு நின்றுவிடும். அதனால பிஎஃப் இணையதளத்தில் குடும்ப விவரம், நாமினேஷனை இன்னைக்கே சரிபாருங்க.

பிள்ளைக்கு 18 வயது ஆனதும் சட்டப்படி பெற்றோர் தானாகவே பாதுகாவலர் இல்லை. மேலே சொன்ன நாலு குறைபாடுகளுக்கும் மாவட்ட அளவிலான குழுவிடம் பாதுகாவலர் சான்று வாங்கலாம். குழுவில் கலெக்டரும் இருப்பார். பிள்ளை பேர்ல இருக்கிற பேங்க் கணக்கை நடத்த இது வேணும்.

வருமானம் 12.75 லட்சத்தைத் தாண்டினால் பழைய முறை, புதிய முறை ரெண்டையும் போட்டுப் பாருங்க, அப்போ 80டிடி கணக்கில் வரலாம். அதுவரைக்கும் முதல் வேலை, சான்றிதழ். அடுத்த வீடியோல பார்ப்போம்!